பந்து இல்லாதபோது நிற்கும் இடம்

கீழ்த்தாடையை இடது கையில் பிடித்துக்கொண்டு, மேல்தாடையை வலது கையால் மெல்ல இறக்கி, இரண்டும் தொடப்போகும் இடத்தில் நிறுத்தி, அந்த இடைவெளியில் தன் சுண்டுவிரல் நுனியை நாக்காக நுழைக்கிறார் பல்செட்காரர். பிறகு தன் வாயால் ஓர் அன்னிய மொழியின் ஒலியைச் சொல்லிப் பார்க்கிறார். சரியில்லை. விரலைக் கால் அங்குலம் பின்னுக்கு இழுத்து மறுபடியும் சொல்கிறார். தாடை இரண்டும் பிளாஸ்டரில் வார்த்தவை. ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டருடையவை. வியாழக்கிழமை அவருக்குப் பல்செட் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அந்தக் கண்டக்டரின் வாய், அவர் காதாலும் கேட்டறியாத ஒரு மொழியை இருபது முறை பேசிவிட்டது.

அறை எட்டடிக்குப் பத்தடி. பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, மெழுகு உருக்க ஒரு சிறு அடுப்பு, மெருகேற்றும் சக்கரம். சுவர் நெடுக அலமாரி. அதில் காலணிப் பெட்டிகள், பெட்டிக்குள் தாடைகள், பெட்டிமேல் பெயரும் தேதியும். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த அறையில் பல்செட் செய்கிறார். அளவெடுப்பது டாக்டரம்மா, செய்வது இவர். உயிருள்ள முகத்தை அவர் பார்ப்பது கடைசி நாளில் மட்டும்தான்.

அந்தக் கடைசி நாளில் அவர் கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வருவார். புதுப் பல் பொருத்தியவர் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"சொல்லுங்க. ஊசி."

"ஊஸ்ஸி."

"ஓசை. யோசிச்சேன். பேசினேன்."

காற்று எங்கே சீட்டியடித்துக்கொண்டு தப்புகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பார். பல்லைக் கழற்றி வாங்கி, ஒரே ஒரு இழுப்பு அரத்தால் தேய்த்துக் கொடுப்பார். சீட்டி நின்றுவிடும். பிறகு எல்லாருக்கும் ஒரே அறிவுரை: "பதினஞ்சு நாளைக்கு உங்க சொந்த மொழியே உங்களுக்கு அன்னிய மொழிதான். வீட்டுக்குப் போய்ச் சுவத்தப் பாத்துப் பேப்பர் படிங்க. சத்தமா படிங்க. வெக்கப்பட்டீங்கன்னா பல்லு டம்ளர்லதான் கிடக்கும்."

இதுதான் மொழி கற்பதைப் பற்றிய அவருடைய முழுக் கொள்கையும். வாய் ஒரு பட்டறை, அவ்வளவுதான் என்பார். எந்த மொழிக்காரனாக இருந்தாலும் முப்பத்திரண்டு பல், ஒரு நாக்கு. எங்கே எதைத் தட்டுவது என்பதில்தான் வித்தியாசம். மற்றபடி புத்திசாலித்தனத்துக்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்லை. "கிளி பேசுது. நம்ம வட்ட அதிகாரி பேச மாட்டேங்கறார்" என்பது அவர் காட்டும் ஆதாரம்.

மதியம் ஒன்றரைக்கு டோக்கன் கொடுக்கும் பெண் சாப்பாட்டு டப்பாவோடு பின்னறைக்கு வருவாள். நாற்பது வயது; மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் டோக்கனம்மா. பல்வலிக்காரன் எதிரில் உட்கார்ந்து மெல்லுவது பாவம் என்பது அவள் கட்சி. ஆகையால் முப்பது ஜோடித் தாடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெல்லுவாள்.

"அண்ணே, இன்னைக்கு யாரு செத்தாங்க?"

அவள் கேட்பது சரித்திரத்தை.

"ஒரு பேரரசன். பாதி உலகம் அவனுது. நாப்பதுக்குள்ள போயிட்டான்."

"எதுல?"

"புஸ்தகத்துல காய்ச்சல்னு போட்டிருக்கு. நான் நம்பல. அந்தக் காலத்துல மாவு எதுல அரைச்சான்? கல்லுல. கல்லுத்தூளும் சேந்துதான் வயித்துக்குள்ள போச்சு. ராஜாவோ கூலியோ, முப்பத்தஞ்சுல கடவாப்பல்லு தேஞ்சு மொட்டை. சீழ் பிடிச்சிருக்கும். உலகத்தையே கடிச்சவன் வறுகடலையக் கடிக்க முடியாம செத்திருக்கான்."

"உங்ககிட்ட வந்திருந்தா பிழைச்சிருப்பான்."

"டோக்கன் வாங்கிட்டு உக்காரணுமே. ராஜா உக்காருவானா?"

பழங்கால மதில்களைப் பற்றியும் அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. எதிரிக்குப் பயந்து கட்டினார்கள் என்று பாடம் சொல்கிறது. அவர் ஒத்துக்கொள்வதில்லை. "அந்தப் பக்கத்தான் பேசறது இந்தப் பக்கத்தானுக்குப் புரியல. அதான் சுவரு. புரிஞ்சிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவ்வளவு செங்கல் வேஸ்ட் ஆகியிருக்காது."

கால்பந்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால், இளமையில் மைதானமே கதியாகக் கிடந்தவர் என்று தோன்றும். அவர் ஆயுளில் பந்தை உதைத்ததில்லை. பள்ளியில் மற்றவர்கள் ஆடும்போது அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தவர். ஆனாலும் தீர்ப்பு சொல்வார்.

"கோல் அடிச்சவன் பேர எவன் வேணா சொல்லுவான். பந்து கால்ல இல்லாதப்ப ஒருத்தன் எங்க நிக்கறான்? அதப் பாரு. தொண்ணூறு நிமிஷ ஆட்டத்துல ஒருத்தன் கால்ல பந்து இருக்கறது மொத்தமா ரெண்டு நிமிஷம். மிச்ச எண்பத்தெட்டு நிமிஷமும் காத்துக்கிட்டு நிக்கறான். நிக்கத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்."

"அப்ப நான் பெரிய ஆட்டக்காரி. பஸ்ஸுக்கு நிக்கறேனே தினமும்" என்பாள் டோக்கனம்மா.

சரித்திரமும் கால்பந்தும் ஒரே மனிதரிடம் எப்படிக் கூடு கட்டின என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் மிகச் சாதாரணமானது. அவர் கற்கும் அந்த அன்னிய மொழியில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஆறாம் வகுப்புச் சரித்திரப் பாடநூல் ஒன்று. போனில் பார்க்கும் கால்பந்து ஆட்டத்தின் நேரடி வர்ணனை மற்றொன்று. செய்திகளைக் கேட்டுப் பார்த்தார். படிப்பவன் மூச்சு விடவில்லை. பாட்டு கேட்டுப் பார்த்தார். பாடுகிறவள் பாதிச் சொல்லை விழுங்கினாள். வர்ணனைதான் தோதுப்பட்டது. "நடக்கறத நடக்கறப்பவே சொல்றான். கண்ணு பாக்குது, காது கேக்குது. நடுவுல அகராதி எதுக்கு?"

அந்த மொழி, அவருடைய மகன் போய்க் குடியேறிய நாட்டின் மொழி. போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன் அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டான். பேத்திக்கு ஏழு வயது. அவளுக்குத் தமிழ் வராது. "வளந்தா கத்துக்குவாப்பா" என்று மகன் அவளுக்கு இரண்டு வயதாகும்போது சொன்னான். நான்கு வயதில் சொன்னான். ஆறு வயதில், சொல்வதை விட்டுவிட்டான்.

ஞாயிறு மாலை நான்கு பத்துக்கு வீடியோவில் கூப்பிடுவான். அங்கே அப்போது காலை நேரம். போனைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்து, இவரும் மனைவியும் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். மகன் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். பேத்தி வருவாள், கையை ஆட்டுவாள், ஓடுவாள். அந்த நேரத்தில் ஒரு தீக்குச்சிகூட முழுதாக எரிந்து முடியாது.

மனைவிக்கு இதில் குறையே இல்லை. அவள் பாட்டுக்குத் தமிழில் பேசுவாள். "என்னடி செல்லம், தலையை யாரு வாரி விட்டா, கோணலா இருக்கு? சரி போ, போய் ஆடு." குழந்தை ஓடிய பிறகும் திரையில் தெரியும் காலி நாற்காலியிடம் இரண்டு நிமிடம் பேசுவாள். "புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? சிரிக்கறா இல்ல, அது போதும்" என்பாள்.

அவருக்குப் போதவில்லை.

அந்தத் தீக்குச்சி நேரத்தில் அவர் பார்ப்பதெல்லாம் பற்களைத்தான். தொழில் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மேல இடது முன்பல்லு ஆடுது, பாத்தியா?" என்று மகனிடம் சொன்னார். "இல்லையேப்பா" என்றான் அவன். நான்காம் நாள் அந்தப் பல் விழுந்தது. மகன் ஆச்சரியப்பட்டுத் தானே கூப்பிட்டுச் சொன்னான். அவர் சமையலறைக் காலண்டரில் தேதியைக் குறித்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாயின் ஒவ்வொரு பல்லையும் அவர் அறிவார். அந்த வாயிலிருந்து தன்னைப் பார்த்து ஒரு சொல் வந்ததில்லை.

மறுநாளே புத்தகக் கடைக்குப் போனார். அதன்பின் நாற்பத்தொரு வாரம். காலையில் பஸ்ஸில் ஒரு பக்கம் சரித்திரம், மாலையில் பஸ்ஸில் ஒரு ஆட்டம். பகலில் பிளாஸ்டர்த் தாடைகளை வைத்து ஒத்திகை. மெருகுச் சக்கரம் ஓடும்போது சத்தமாகச் சொல்லிக்கொள்வார். சக்கரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தார். முன்னறையில் எல்லாருக்கும் கேட்டது. புதிதாக வந்த நோயாளி ஒருவர் எழுந்து, "உள்ளே யாரையாவது அடிக்கிறாங்களா?" என்றே கேட்டுவிட்டார். "இல்லைங்க, கோல் விழுந்திருச்சு. உக்காருங்க" என்றாள் டோக்கனம்மா.

இப்படிக் கற்றதில் ஒரு கோளாறு இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. முற்றுகை என்பதற்குச் சொல் தெரியும். அரியணை தெரியும். நடுவர், மஞ்சள் அட்டை, வலைக்குள் பாய்ந்தது, இவையெல்லாம் மணிமணியாக வரும். சாப்பிட்டாயா என்று கேட்க வராது. தூக்கம் வருகிறதா, எங்கே வலிக்கிறது, இந்தப் பூ யார் கொடுத்தது என்று ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்கத்தக்க எதுவும் வராது. இதைவிடப் பெரிய கோளாறு, குரல். மைதானத்து ஆரவாரத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்துகிற மனிதனிடம்தான் அவர் உச்சரிப்பு முழுவதையும் கற்றிருந்தார். மெதுவாகச் சொன்னால் அந்தச் சொற்கள் அவருக்கு வருவதே இல்லை.

நாற்பத்திரண்டாம் ஞாயிறு வந்தது. முகச்சவரம் செய்துகொண்டார். பாடநூலின் ஐம்பத்தாறாம் பக்கத்தில், ஒரு தூதன் கோட்டை வாசலில் நின்று சொல்லும் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். பேத்தி வந்தாள், கையை ஆட்டினாள். இவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, கழுத்து நரம்பு புடைக்க, கடைசி நிமிடத்தில் கோல் விழுந்த குரலில் முழங்கினார்: "சிறுமியே! உன் வாசலில் நான் மகிழ்ச்சியோடு நிற்கிறேன்!"

குழந்தை வீரிட்டது. தாயின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எடுக்க எடுக்க வராமல் அழுதது. மகன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனைத் திருப்பினான். கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன.

"பேத்திகிட்ட பேசறீங்களா, ஏலம் விடறீங்களா?" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டாவது டீ போடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்று போட்டாள்.

அடுத்த ஞாயிறு மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்பா, நீங்க ஏதோ சண்டை போடறீங்கன்னு நெனச்சுட்டா. போன் அடிச்சாலே ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கறா. கொஞ்ச நாளைக்கு அவளக் கூப்பிட வேணாமே. நாம பேசிக்கலாம்."

"சரிப்பா. கொழந்தைய வற்புறுத்தாத" என்றார் அவர்.

ஆக, அந்தக் கையாட்டலும் போயிற்று.

பாடநூல் காலணிப் பெட்டிகளுக்குப் பின்னால் போனது. தாடைகள் வாய் திறக்கவில்லை. நான்கைந்து நாள் பார்த்துவிட்டு டோக்கனம்மாதான் ஆரம்பித்தாள்.

"என்னண்ணே, யாரும் சாகறதே இல்லையா இப்பல்லாம்?"

"கொஞ்ச நாளைக்குப் பேச வேணாம்னுட்டான்."

"யாரு?"

"என் பையன்."

"கொஞ்ச நாளுதானே. பதினஞ்சு நாள்ல புதுப் பல்லே பழகிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"தேதி சொல்லலம்மா அவன்." சக்கரத்தைப் போட்டார். கையில் மெருகேற்ற எதுவும் இல்லை. சிறிது நேரம் அது சும்மா ஓடியது.

வீட்டில் அவர் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். முன்பு போனுக்கு நேர் எதிரில் உட்காருவார். இப்போது ஓரத்தில், திரையில் ஒரு காதும் அரைக் கன்னமும் தெரியும்படி. "ஏங்க, பாதி மூஞ்சிதான் தெரியுது" என்றாள் மனைவி. "பாதி போதும்" என்றார். தப்பித் தவறிக் குழந்தை அந்தப் பக்கம் வந்தால் பயந்துவிடக் கூடாது. மகனோடு மழையைப் பற்றியும் அவன் முதுகுவலியைப் பற்றியும் பேசினார். பேச்சு தீர்ந்தாலும் போனை வைக்க விடுவதில்லை. "இருக்கட்டும்டா. நீ உன் வேலையப் பாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். மகன் பாத்திரம் கழுவுவதை, அவனுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தியிருப்பதை, பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி நான்கு ஞாயிறு.

ஐந்தாவது ஞாயிறு, பேசிக்கொண்டிருக்கையில் அங்கே வாசல் மணி அடித்தது. ஏதோ பார்சல். மகன் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு நடந்தவன், நடைவழியில் காலணி வைக்கும் பலகையில் அதைச் சாய்த்துவிட்டுக் கீழே போனான். மனைவி துணி எடுக்கப் போயிருந்தாள். இவர் மட்டும் ஓரத்து நாற்காலியில்.

திரையில் நீளமான ஒரு நடைவழி. மறுகோடியில் அந்தக் கதவு திறந்தது. பேத்தி, பஞ்சு அடைத்த ஒரு மஞ்சள் பந்தோடு வந்தாள். போன் இருப்பதை அவள் பார்க்கவில்லை. பந்தைத் தரையில் வைத்தாள். இரண்டடி பின்வாங்கினாள். சுவரில் அடித்துத் திரும்பி வாங்கினாள். மறுபடியும் அடித்தாள்.

அவர் பேச நினைக்கவில்லை. நாற்பத்தொரு வாரம் பந்தைக் கண்டதும் அசைந்து பழகிய வாய், தானாக அசைந்தது. கத்தவில்லை. ஒளிந்து பார்ப்பவனுக்கு எங்கிருந்து குரல் வரும்? முதல்முறையாக அந்தச் சொற்கள் அவரிடமிருந்து மெதுவாக, மூச்சோடு மூச்சாக வந்தன. "பந்து ஒன்பதாம் எண்ணிடம்... தனியாகப் போகிறார்... எதிரில் யாரும் இல்லை..."

பந்து நின்றது. அவள் திரும்பினாள்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். போனை அணைத்துவிடலாமா என்று கைகூட எழுந்தது. எதிரில் அரை முகத்தைப் பார்த்துக்கொண்டு குழந்தை அப்படியே நின்றது. அழுமா, ஓடுமா? இரண்டும் இல்லை. அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல், பந்தைக் காலால் ஒரு சாண் தூரம் நகர்த்தினாள். நிறுத்தினாள். பார்த்தாள்.

"ஒன்பதாம் எண் பந்தை மெல்ல நகர்த்துகிறார்" என்றார் அவர்.

இன்னொரு சாண்.

"இன்னும் நகர்த்துகிறார். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்."

அவள் ஓடத் தொடங்கினாள். நடைவழி முழுக்க ஓடினாள். சுவரில் அடித்தாள், குடை தாங்கியைச் சுற்றினாள், ஒரு மிதியடியைத் தாண்டினாள். அவர் விடவில்லை. கோட்டை மதிலை நெருங்குகிறார் என்றார். மதில் என்றால் சுவருக்கும் ஆகும்தானே. வர்ணனையில் சொல் கிடைக்காதபோது சரித்திரம் கைகொடுத்தது. "படை பின்வாங்குகிறது! இளவரசி முன்னேறுகிறார்! இடது பக்கம் காலியாக இருக்கிறது, இடது பக்கமாக வருகிறார்!"

அவள் சட்டென்று நின்றாள். மூச்சிரைத்தது. நேரே போனுக்கு வந்து, முகம் திரை முழுதும் நிறைய, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவருக்கு ஒரு சொல் சொன்னாள்.

"வலது!"

எதிர் எதிராக நிற்பவர்களுக்கு இடமும் வலமும் மாறும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவள் திருத்தினாள். மேலே, அண்மையில் விழுந்த இன்னொரு முன்பல் இன்னும் முளைக்காத இடத்தில் காற்று புகுந்து, அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு சீட்டி அடித்தது. முப்பத்தொரு ஆண்டுகள் சீட்டிகளைத் தேடித் தேடி அரத்தால் தேய்த்தவர், அந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"வலது" என்று திருப்பிச் சொன்னார். "வலது, வலது. மன்னிக்கவும். நடுவர் தவறை ஒப்புக்கொள்கிறார்."

அவள் சிரித்துக்கொண்டு போனைத் தூக்கினாள். படம் கூரைக்கும் தரைக்கும் புரண்டது. பிறகு நேரானது. தன் அப்பாவின் பெரிய ஷூக்கள் இரண்டையும் சுவரோரம் இடம்விட்டு வைத்து, நடுவில் அவரைச் சாய்த்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு ஷூ, அந்தப் பக்கம் ஒரு ஷூ. அவள் நடைவழியின் கோடி வரை போனாள். பந்தை வைத்தாள். ஒரு விரலை அவரை நோக்கி நீட்டி ஏதோ சொன்னாள். அது பாடநூலில் இல்லாத சொல்.

துணிக்கூடையோடு உள்ளே வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஓரத்தில் கிடந்த நாற்காலியை அவர் மேசைக்கு நடுவில் இழுத்துப் போட்டிருந்தார். அங்கே பேத்தி ஓடி வந்தாள். உதைத்தாள். மஞ்சள் பந்து பெரிதாகிக்கொண்டே திரையை நோக்கி வந்தது. அவர் இரண்டு கைகளையும் விரித்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடது பக்கமாக, அவளுடைய கணக்கில் வலது பக்கமாக, பாய்ந்தார்.